தங்கச்சி என்று சொல்லிவைத்தவள்

1

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நம் பக்கத்து ஆட்கள் வீட்டுக் கல்யாணம். பாரிசை ஒட்டிய இந்தப் புறநகரில், நகராட்சி வாடகைக்கு விடும் ஒரு கூடத்தில் நடந்தது. வெளியே பல் கிட்டும் குளிர். பட்டுப்புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு பந்திக்குக் காத்திருந்தோம். அம்பகரத்தூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெண் ஒருத்தி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வந்து நாற்பது நாள்தான் ஆகிறதாம். அதற்குள் எங்கள் எல்லோருடைய வரலாற்றையும் யாரோ அவளுக்கு ஒப்பித்திருந்தார்கள்.

"நீங்கதானே போலகம் சொல்தா வூட்டு கோமதியக்கா? ஒங்க தங்கச்சி வரலீங்களா?"

"அவளுக்கு வேலைம்மா."

"நல்லாத் தைப்பாங்களாமே. ரெண்டு ரவிக்கத் துணி வச்சிருக்கேன். எப்ப வந்தா இருப்பாங்க?"

"கேட்டுச் சொல்றேன்."

இரண்டு வருஷமாக நான் இப்படித்தான் கேட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். பிறகு ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். இப்போது வேலை. கைவசம் இருந்த சாக்கெல்லாம் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்தபோது என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. நான் ஓர் ஆஸ்பத்திரியின் சமையல் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கேரட் சீவுவதும் தட்டு அடுக்குவதும் என் வேலை. அன்றைக்குக் கேரட்டோடு சேர்த்துக் கையையும் சீவிக்கொண்டேன். எனக்குத் தங்கச்சி கிடையாது. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. சித்தி மகள் என்று சொல்லிவைத்தேனே, அந்தச் சித்தியும் கிடையாது. பொய்யை ஆரம்பித்து வைத்தவள் நான், அதை முடித்துவைக்க வேண்டியவளும் நான்தான். அதனால் ஊருக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

என் அப்பா சொல்தா. காரைக்கால்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். மற்ற ஊர்க்காரர்களுக்காக: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சைகோன் வரை போய்வந்தவர். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்டார். அதனால் நானும் பிரெஞ்சுக்காரி. போலகத்தில் வரப்பு வழுக்கிச் சேற்றில் விழுந்து எழுந்த பிரெஞ்சுக்காரி. எங்கள் பக்கம் என்னைப் போன்றவர்களுக்கு 'நேஷனாலிட்டிப் பொண்ணு' என்று பெயர். மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்க மாட்டார்கள், சீர் கேட்க மாட்டார்கள். அந்தக் காகிதமே சீர். அதைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை பிரான்சு போய்விடலாம்.

எழுபத்து மூன்றில் என்னைத் திருமலைராயன்பட்டினத்தில் கொடுத்தார்கள். பட்டினம் என்றுதான் சொல்வோம். போலகத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். என் புருஷனுக்குப் பிரான்சு போக அவசரம், காகிதத்துக்கு அவசரமில்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கான்சல் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் கேட்பார்கள். அதைக் கொண்டுபோனால் இன்னொன்று. அவர் வெறுங்கையோடு பஸ்ஸைவிட்டு இறங்கிய நாளெல்லாம் எனக்கு அடி விழுந்தது. "ஒன்னக் கட்டி என்னாடி பிரயோசனம்" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் வருவார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? பிரெஞ்சு அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்வி அது.

வெளியே தெரிகிற மாதிரி வீங்கிய முதல் தடவை மாமியார் பத்துப் போட்டுவிட்டு, "வெளியில சொல்லிக்காத" என்றார். இரண்டாம் தடவை அப்பா காதுக்குப் போய்விட்டது. பட்டாள மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார். பெரியவர்கள் நான்கு பேர் கூடினார்கள். "கோவத்துல கை நீண்டுடுச்சு மாமா, இனிமே நடக்காது" என்று என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் தடவை எழுபத்தாறில். மகள் ரேவதிக்கு அப்போது ஒரு வயது. இரண்டு நாளாக எனக்கு இடது காது கேட்கவில்லை. அப்பா சைக்கிளில் வந்தார். இந்தத் தடவை மெடல் இல்லை, பெரியவர்கள் இல்லை. வாசற்படி ஏறவும் இல்லை. சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடிச்சானா?"

"ஆமாப்பா."

"பொட்டி எங்க?"

என் தகரப் பெட்டியைக் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்த ஓர் அம்மாள் ஒதுங்கி நின்று, "போ ஆத்தா, திரும்பிப் பாக்காத" என்றார். நான் பார்க்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன் என்றால், அந்தத் தெருவில் எல்லோருக்கும் நடந்தது என்னவென்று தெரியும். மாமியாருக்குத் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியும், மீன்கார அம்மாளுக்கும் தெரியும். புருஷன் பெண்டாட்டியை அடித்தான். அதற்கு அவர்கள் செய்ததில் பாதி தப்பு. ஆனாலும் என்ன செய்வது என்று ஒரு வழக்கம் இருந்தது.

3

விவாகரத்துக்குக் காரைக்கால் கோர்ட்டில் மூன்று வருஷம் அலைந்தேன். என் மனசு மாறுமா என்று மாமியார் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். நான் பிரான்சுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். அப்பாவும் தலையாட்டினார். அதற்கப்புறம் காகிதத்துக்காகப் பாண்டிச்சேரி போய்வருவது என் பொறுப்பாயிற்று.

விடிகாலை பஸ். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று ஊர் ஊராக நின்று நின்று போகும். எழுபத்தெட்டில், மாங்கனித் திருவிழா முடிந்த வாரம், அந்தப் பஸ்ஸில்தான் சாந்தாவைப் பார்த்தேன். காரைக்கால் டவுன்காரி, என்னைவிட மூன்று வயது சின்னவள். அவளுடைய அப்பாவும் சொல்தா, ஆனால் இறந்துவிட்டார். அவள் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் மல்லுக்கட்டி ஜெயித்தவள். மடியில் ஒரு பை மாம்பழம் வைத்திருந்தாள். திருவிழாவில் மாடியிலிருந்து வீசுகிற பழத்தை ஆண்களை முட்டித்தள்ளிப் பிடித்தாளாம்.

"எத்தனாவது தடவ போறீங்க?" என்று கேட்டாள்.

"ஏழு."

"எனக்கு ஒம்போது. அப்ப நான்தான் சீனியர், சன்னல் சீட்டு எனக்கு."

பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். வரிசையில் அவள் நின்றால் நான் உட்காருவேன், நான் நின்றால் அவள் உட்காருவாள். என் பிறப்புப் பதிவில் முத்திரை இல்லையென்று ஒரு குமாஸ்தா திருப்பி அனுப்பியபோது, அவள் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "அவங்க பொறக்கவே இல்லன்னு எழுதிக் குடுங்க சார், போயிடறோம்" என்றாள். முத்திரை விழுந்தது. திரும்பி வரும்போது சிதம்பரம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் விழித்துக்கொள்ளக்கூடாதே என்று சீர்காழி வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்னால் யார் பக்கத்திலும் எனக்கு அப்படி இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லாமல் இருந்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

4

எழுபத்தொன்பதில் மூன்று பேரும் இங்கே வந்து சேர்ந்தோம். நான், சாந்தா, நான்கு வயது ரேவதி. அப்பா கட்டிக்கொடுத்த அதே தகரப் பெட்டியோடு. விமான நிலையத்தில் எங்களை அழைத்துப்போக நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அவரும் பழைய சொல்தாதான். வண்டியில் ஏறுமுன் சாந்தாவைக் காட்டிக் கேட்டார்.

"இவங்க யாரும்மா, என்னா மொறை?"

நம் ஊரில் முறை இல்லாமல் ஒருவரை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. பால்காரர் அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் மாமா. முறை சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். முறை சொல்லாவிட்டால்தான் ஆயிரம் கேட்பார்கள். "சித்தி பொண்ணு, எனக்குத் தங்கச்சி" என்றேன். நொடிகூட யோசிக்கவில்லை. சாந்தாவும் சட்டென்று, "அக்கா, அந்தப் பையக் குடுங்க" என்றாள். அவள் நடிப்பில் கெட்டிக்காரி. அன்றிலிருந்து ரேவதிக்கு அவள் சின்னம்மா. வெளியே நான் 'அக்கா', கதவைச் சாத்தினால் 'கோமு'.

ஒரு விஷயத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் அக்கா தங்கையாக வாழவில்லை. புருஷன் பெண்டாட்டி எப்படியோ அப்படி வாழ்ந்தோம். ஒருவரையொருவர் விரும்பினோம். முதல் மூன்று வருஷம் நான் பிறந்ததிலிருந்து அறியாத சந்தோஷத்தில் இருந்தேன். ஏழாம் மாடியில் இரண்டு அறை வீடு. அவள் வீட்டிலிருந்தே தைத்தாள். தையல் மெஷினுக்குக் கீழே என் தகரப் பெட்டியை வைத்து, அதன்மேல் வெட்டிய துணிகளை அடுக்குவாள். ரேவதிக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தது அவள்தான். நான் கேரட் சீவிவிட்டு வருவதற்குள் குழந்தை ஸ்லேட்டில் தன் பெயரை எழுதி வைத்திருக்கும்.

5

எண்பத்திரண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், சமையல் கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்ததில் வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது. சாந்தா துணி அளக்கும் மர அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். "யாருகூடடி இருந்த?" என்றாள். அடுத்த நொடி என் முழங்கையில் விழுந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துவிட்டேன்.

அது எனக்கு அடியாகத் தெரியவில்லை. அடி என்றால் புருஷன் கையிலிருந்து வர வேண்டும் என்று மனசுக்குள் எழுதிவைத்திருந்தேன் போலிருக்கிறது. முறுக்கிய மீசை வேண்டும், செருப்புச் சத்தம் வேண்டும். இது வளையல் போட்ட கை. எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிற கை. பொம்பளை அடித்தால் அது ஓர் அடியா? பட்டினத்தில் மூன்று வருஷம் அடி வாங்கிய எனக்கே அது என்னவென்று தெரியாமல் போயிற்று. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

என் புருஷன் அடித்துவிட்டுச் சோறு கேட்பார். இவள் அடித்துவிட்டு அழுவாள். முழங்கை வீங்கிக்கொண்டிருக்க, நான் அவள் கண்ணைத் துடைத்துச் சமாதானம் சொல்வேன். ஒரே ஒரு தடவை நானும் திருப்பி அடித்தேன். அதைப் பிடித்துக்கொண்டாள். "நீயுந்தான அடிச்ச" என்று ஒரு வருஷம் சொன்னாள். நானும் அதை நம்பினேன். இரண்டு பேரும் பொம்பளைங்க, சண்டை போடுகிறோம், அவ்வளவுதான் என்று. ஆனால் அவள் சாவியைத் தேடும் சத்தம் கேட்டால் நான் அளவுகோலை ஒளித்து வைப்பேன். என் சத்தத்துக்கு அவள் எதையும் ஒளித்து வைத்ததில்லை. கணக்கு சமமில்லை என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டுமா?

அப்போதே விட்டுவிட்டு வரவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கடிதம் இருந்தது.

நீல நிறத்தில் வரும் வான்தபால் தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாந்தாவுக்கு முத்து முத்தான கையெழுத்து. நான் முதல் தடவை "நான் போறேன்" என்று சொன்ன அன்று, அவள் பேசாமல் உட்கார்ந்து அந்தத் தாளின் மேலே என் அப்பாவின் பெயரையும் போலகம் விலாசத்தையும் எழுதினாள். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. தையல் மெஷின்மேல் வைத்தாள்.

"உள்ள என்னா எழுதணும்னு ஒனக்குத் தெரியும்ல?" என்றாள்.

அந்த வெற்றுத்தாள் மூன்று வருஷம் அந்த மெஷின்மேலேயே இருந்தது. தூசி தட்டும்போதுகூட அதை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். மெடலைக் குத்திக்கொண்டு எனக்காக வந்த மனுஷன், அந்தத் தாளைப் பிரித்துப் படிப்பதை நினைத்தால், எடுத்த பெட்டியை மறுபடி கீழே வைத்துவிடுவேன். அடியைத் தாங்கிக்கொள்ளலாம், அதைத் தாங்க முடியாது என்றிருந்தேன். ரேவதியையும் நினைத்துக்கொண்டேன். ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒன்பது வயசுக் குழந்தைக்கு இந்தக் கவலை. சிரிக்கத்தான் வேண்டும்.

இங்கே ஒரு நிமிஷம். இதைப் படிக்கும் உங்களில் சிலர், "இப்படி வாழ்ந்தா இப்படித்தான் ஆவும்" என்று உச்சுக் கொட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பட்டினத்து வீட்டில் நான் மேளம் கொட்டித் தாலி கட்டி வாழ்ந்தேன். அங்கே காது கேட்காமல் போனது. அதைப் பார்த்து யாராவது கல்யாணமே கூடாது என்று சொன்னீர்களா? அடிக்கிறவர்கள் அடிக்கிறார்கள். நான் யாரை விரும்பினேன் என்பதை அதற்குள் இழுக்காதீர்கள்.

6

எண்பத்தாறு தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் சத்தம் கீழ்மாடி வரை கேட்டுவிட்டது. கீழே இருந்தவர்களும் நம் ஊர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விமான நிலையத்துக்கு வந்தாரே, அந்தப் பெரியவர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். சாந்தா மெதுவடை சுட்டாள். எனக்குப் பட்டினத்துக் காப்பி ஞாபகம் வந்தது.

"அம்மாடி கோமதி," என்றார் அவர், "நீ பெரியவ. நீதான் விட்டுக்குடுத்துப் போவணும். சின்ன பொண்ணு, ஏதோ ரெண்டு வார்த்த பேசுது."

"பேச்சு இல்லீங்க. அடிக்கிறா."

"கூடப் பொறந்ததுவ அடிச்சிக்காம இருக்குமா? எங்க வூட்டுல நானும் தம்பியும் உருளாத உருளலா?" என்று சிரித்தார். பிறகு சாந்தாவைப் பார்த்து, "இந்தாம்மா, அக்காவ அம்மாவா நெனச்சுக்க. எங்க, ரெண்டு பேரும் கையப் புடிங்க" என்றார்.

என் கையை எடுத்து அவள் கையில் வைத்தார். அவர் மனைவி, "கண்ணு பட்டுடுச்சு, சுத்திப் போடுங்க" என்றார். சாந்தா என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புன்னகை செய்தாள். இந்த உலகத்தில் நாலு பேர் அறிய எங்கள் கைகளைச் சேர்த்துவைத்தவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான். நல்ல மனுஷர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தங்கச்சி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தானே. அந்த முறைதான் எங்களை ஏழு வருஷம் ஊர் வாயிலிருந்து காப்பாற்றியது. அதே முறைதான் என்னை அந்த வீட்டுக்குள் வைத்துத் தாழ் போட்டது.

7

எண்பத்தேழு ஏப்ரலில் அவள் கதவை அறைந்தாள். என் வலது கை கதவிடுக்கில் இருந்தது. தெரிந்துதான் அறைந்தாள். இரண்டு விரல் ஒடிந்தது. நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே கட்டுப் போட்டார்கள். அங்கே நோயாளிகளின் குடும்பப் பிரச்சினைகளைக் கவனிக்கும் ஒரு பெண் அதிகாரி வந்து படிவத்தை விரித்தாள். யார் செய்தது? புருஷனா, முன்னாள் புருஷனா, அப்பாவா, மகனா? எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கட்டம் இருந்தது. "தங்கை" என்றேன். அவள் எல்லாக் கட்டத்தையும் விட்டுவிட்டு ஓரத்தில் குடும்பத் தகராறு என்று எழுதினாள். இருந்தாலும் என் விரலைப் பார்த்து மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அடிபட்ட மனைவிகள் தங்கும் விடுதி ஒன்றில் ஓர் அறை காலியாக இருக்கிறது, மகளைக் கூட்டிக்கொண்டு போ என்றாள்.

அந்த விடுதியில் கட்டுக்காவல் பலம். எந்த ஆணும் வாசல்படி மிதிக்க முடியாது. எல்லாப் பெண்களும் தங்கள் புருஷனின் போட்டோவைக் கொடுத்திருந்தார்கள். வாசலில் இருக்கும் அம்மாள் அந்த முகங்களை மனப்பாடம் செய்திருந்தாள். என்னிடம் யாரும் போட்டோ கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? எனக்குத்தான் புருஷன் இல்லையே.

ஆறாவது நாள் மத்தியானம் விடுதிப் பொறுப்பாளர் முகமெல்லாம் சிரிப்பாக என்னை வந்து கூப்பிட்டாள். கீழே பார்வையாளர் அறைக்குப் போனேன். சாந்தா உட்கார்ந்திருந்தாள். மடியில் எலுமிச்சம்பழச் சாத டப்பா. ரேவதிக்குத் தைத்த புதுக் கவுன், நீலப் பொத்தான் வைத்தது. ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டபோதும் இங்கே வாசலிலும் "நான் அவளுடைய தங்கை" என்று சொல்லியிருக்கிறாள், கதவு திறந்துவிட்டது. பன்னிரண்டு வயது ரேவதி ஓடிப்போய் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு அது சின்னம்மா. அவள் மேலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் கிட்டப் போகாமல் சுவரோரமே நின்றேன்.

"கெளம்புங்க அக்கா," என்றாள் சாந்தா, சிரித்த முகம் மாறாமல். "மெஷினு மேல லெட்டரு அப்படியேதான் இருக்கு."

பொறுப்பாளருக்குத் தமிழ் தெரியாது. அன்பாகப் பேசுகிறாள் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

"ரேவதி," என்றேன், "அந்தம்மாகிட்டச் சொல்லு. இவ என் தங்கச்சி இல்லன்னு சொல்லு."

ரேவதி என்னையும் சாந்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "பின்ன யாரு?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

அதை ஒரு குழந்தையின் வாயால் மொழிபெயர்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானே சொன்னேன். என் பிரெஞ்சு சமையல் கூடத்துப் பிரெஞ்சு. 'தட்டு எடு, உப்பு போதும், கரண்டி எங்கே' என்பதுதான் அதன் எல்லை. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே சொன்னேன். இவள் தங்கை இல்லை. எட்டு வருஷம் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருந்தோம். என்னை அடித்தது இவள். விரல் இவள் ஒடித்தது. இவள் இங்கே வரக்கூடாது.

பொறுப்பாளரின் சிரிப்பு நின்றது. ஒரு கணம் அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். சாந்தா சத்தம் போடவில்லை. கவுனை மடித்து மேஜைமேல் வைத்தாள். சாத டப்பாவை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"போட்டுடுவேன் கோமு," என்றாள். வேறொருவர் முன்னால் என்னைக் கோமு என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"போடு" என்றேன்.

ரேவதி அந்தக் கவுனைப் போடவில்லை. தமிழையும் அன்றோடு விட்டுவிட்டாள். இப்போது பதினாலு வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிறது. போன மாதம் ஒரு நாள், "நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் பொய் சொன்னீர்கள்" என்றாள். ஆமாம் என்றேன். இந்தக் குறிப்பை அவளால் படிக்க முடியும். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அம்பகரத்தூர்ப் பெண்ணே, சாந்தா இங்கிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளி, அதே ஏழாம் மாடியில்தான் இருக்கிறாள். ரவிக்கை நன்றாகத் தைப்பாள். போய்க் கொடு. என் தங்கச்சி என்று மட்டும் சொல்லிக் கேட்காதே.

8

அப்பா போன ஐப்பசியில் காலமானார். அவர் இருக்கும்வரை இதை எழுதக்கூடாது என்றிருந்தேன்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதற்கு முந்தின தை மாதம். பழைய விவாகரத்து ஆவணத்தின் நகல் ஒன்று இங்கே கேட்டார்கள். காரைக்காலுக்குப் போனேன். போலகத்தில் இரண்டு வாரம் அப்பாவோடு இருந்தேன். வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சாந்தா கடிதம் போட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தபால்காரர் மணி அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா மீன் வாங்கி வந்தார், பேத்தி எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார், வேறு எதுவும் கேட்கவில்லை. போடவில்லை என்றே முடிவு செய்துகொண்டேன்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் காலை, கட்டிலுக்கு அடியிலிருந்து மெடல் வைக்கும் டப்பாவை இழுத்தார். மெடலுக்கு அடியில் அது இருந்தது. நீலத் தாள். முத்து முத்தான கையெழுத்து.

"இது வந்து எட்டு மாசமாச்சு," என்றார்.

எனக்கு மறுபடி காது அடைத்துக்கொண்டது. வாங்கிப் பிரித்தேன். நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பதை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிச்சாளா?" என்று கேட்டார்.

கடிதத்தில் அது ஒன்றுதான் இல்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதியவள் அதை மட்டும் எழுதவில்லை.

"ஒங்களுக்கு எப்படிப்பா..."

"அதே சமயத்துல நீ ஒரு லெட்டரு போட்டிருந்த. எழுத்தெல்லாம் கோணிக்கிட்டு இருந்துச்சு. வெரல்ல அடிபட்டிருக்குன்னு தெரிஞ்சுச்சு. வேலையில பட்டிருந்தா நீ எழுதியிருப்ப."

"ஆமாப்பா. அடிச்சா."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். குனிந்து சைக்கிளின் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"பொட்டி எங்க?"

"அங்கதான் கெடக்குப்பா. அந்த வூட்டுல. மெஷினுக்குக் கீழ."

அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபத்தாறு வயது அவருக்கு.

"அம்மாந்தூரம் நான் வர முடியாதேம்மா," என்றார்.